லேப்டாப்ல இருக்கிற வீடியோ ஹால் டிவியில் ஓடணுமா? செட்டாப் பாக்ஸ் வழியா ஒரு முழுப் பாடம்



இன்னைக்கு கொஞ்சம் டெக்னிக்கலான பாடம். ஆனா பயப்பட வேண்டாம், கோடிங் எதுவும் கிடையாது. அரை மணி நேரமும் ஒரு வைஃபை கனெக்‌ஷனும் இருந்தா போதும்.

நம்மில் பல பேர் வீட்டு நிலைமை இதுதான்: ஹால்ல பெரிய டிவி இருக்கு. ஆனா பார்க்க வேண்டிய வீடியோ எல்லாம் லேப்டாப்ல தூங்குது. அக்கா வளைகாப்பு, தம்பி கல்யாணம், ஊர்த் திருவிழா, பாட்டி பாடின தாலாட்டு எல்லாமே ஏதோ ஒரு ஃபோல்டர்ல கிடக்கு. அம்மாவும் அப்பாவும் அதைப் பார்க்கணும்னா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு நம்ம ஆறு இன்ச் போனை எட்டிப் பார்க்கணும். இல்லன்னா நாம ஊருக்குப் போகும்போது பென்டிரைவ்ல போட்டுக் கொடுக்கணும். அதுலயும் பாதி வீடியோ "ஃபார்மேட் சப்போர்ட் ஆகவில்லை"ன்னு சொல்லும்.

சிலர் யூடியூப்ல ஏத்தி டிவியில் பார்க்கிறாங்க. யோசிச்சுப் பாருங்க: பக்கத்து ரூம்ல இருக்கிற வீடியோ, ஏதோ ஒரு நாட்டுல இருக்கிற சர்வருக்குப் போய், திரும்ப நம்ம ஹாலுக்கு வருது. போக டேட்டா, வர டேட்டா. செட்டிங் சரியா வைக்கலன்னா வீட்டுப் பெண்களோட வீடியோ ஊர் பூரா தெரியும். இது தேவையே இல்லை. வீட்டு வீடியோ வீட்டுக்குள்ளேயே நடந்து போய் டிவியில் ஏறிக்கும். எப்படின்னு பார்ப்போம்.

1. முதல்ல உங்க பாக்ஸ் எந்த வகை?

"செட்டாப் பாக்ஸ்"னு நாம ஒரே பேர்ல ரெண்டு வேற வேற சாமானைச் சொல்றோம்.

முதல் வகை, சாதாரண கேபிள் அல்லது டிஷ் பாக்ஸ். இது கேபிள் வயர்ல அல்லது டிஷ்ல இருந்து வர்ற சேனல் சிக்னலைப் படமா மாத்தும். இதுல வைஃபை இருக்காது, நாம ஆப் எதுவும் போட முடியாது. இந்தப் பாடத்துக்கு இது உதவாது.

ரெண்டாவது வகை, ஆண்ட்ராய்டு டிவி பாக்ஸ். வைஃபை இருக்கும், ரிமோட்ல மைக் பட்டன் இருக்கும், பிளே ஸ்டோர் இருக்கும். சில கேபிள், டிஷ், பிராட்பேண்ட் கம்பெனிகளே இப்போ இந்த மாதிரி பாக்ஸ் தர்றாங்க. அதனால உங்க பாக்ஸை ஒரு தடவை செக் பண்ணுங்க. ஹோம் பட்டனை அமுக்கினா ஆப் ஐகான்கள் வருதா? செட்டிங்ஸ்ல நெட்வொர்க் இருக்கா? இருந்தா புதுசா எதுவும் வாங்க வேண்டாம். டிவியே ஆண்ட்ராய்டு டிவியா இருந்தா பாக்ஸே வேண்டாம்.

ரெண்டுமே இல்லையா? லேப்டாப்பையும் டிவியையும் ஒரு எச்டிஎம்ஐ கேபிள்ல இணைச்சிடுங்க. எப்போவாவது ஒரு தடவை பார்க்கிறவங்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. தினமும் வேணும்னா மட்டும் ஒரு ஆண்ட்ராய்டு பாக்ஸ் வாங்கலாம்.

2. இந்தப் பாடத்தோட உயிர்நாடி: மாவு யார் கையில், தோசை யார் சுடுறாங்க?

வீடியோ திக்கித் திக்கி ஓடுதுன்னா எல்லாரும் உடனே "நெட் ஸ்லோ"ன்னு சொல்வாங்க. பல நேரம் நெட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. வேலையை யார் செய்றாங்கன்னு தெரிஞ்சா பாதி பிரச்சினை தீர்ந்துடும்.

வீடியோ ஃபைல்ங்கிறது தோசை மாவு மாதிரி. படத்தை நெருக்கிச் சுருக்கி வெச்சிருக்காங்க. அதைத் திரும்ப விரிச்சுத் திரையில் படமாக் காட்டுறதுதான் தோசை சுடுறது. இதுக்கு டீகோடிங்னு பேர். இனி மூணு வழியையும் பாருங்க.

வழி ஒன்று, ஸ்கிரீன் மிரரிங். லேப்டாப் திரையை அப்படியே டிவியில் காட்டுறது. மிராகாஸ்ட்னு கேள்விப்பட்டிருப்பீங்க. 2012-ல் வந்தது. விண்டோஸ்ல விண்டோஸ் கீயையும் கே-யையும் சேர்த்து அமுக்கினா வரும், பாக்ஸ் அதை ஏத்துக்கணும். இதுல லேப்டாப் தோசையைச் சுடுது. சுட்ட தோசையைத் திரும்ப மாவா அரைச்சு அனுப்புது. பாக்ஸ் அதை மறுபடி சுடுது! கேட்கவே சிரிப்பா இருக்குல்ல? ஆனா நிஜமா அதுதான் நடக்குது. அதனாலதான் லேப்டாப் சூடாகுது, ஃபேன் கத்துது, படம் மங்குது, சத்தம் பின்தங்குது. பிரசன்டேஷன் காட்ட மிரரிங் அருமை. ஒரு மணி நேர வீடியோவுக்கு அது வேண்டாம்.

வழி ரெண்டு, டைரக்ட் பிளே. லேப்டாப் மாவை அப்படியே கொடுத்துடும். பாக்ஸ் சுட்டுக்கும். லேப்டாப்புக்கு வேலையே இல்லை, ஒரு ஃபைலை காப்பி பண்ற மாதிரிதான். பத்து வருஷப் பழைய லேப்டாப் கூட இதைச் செய்யும். படத்தோட தரமும் குறையாது. நமக்கு வேண்டியது இதுதான்.

வழி மூணு, டிரான்ஸ்கோடிங். பாக்ஸுக்கு அந்த மாவுல சுடத் தெரியலன்னு வைங்க. அதாவது அந்த கோடெக்கை அதால படிக்க முடியல. அப்போ லேப்டாப் அதை வேற கோடெக்குக்கு மாத்தி அனுப்பும். மிரரிங் மாதிரியே சுட்டு அரைக்கிற வேலைதான். ஆனா முன்கூட்டியே கொஞ்சம் சேர்த்து வெச்சு அனுப்புறதால அவ்வளவா திக்காது. பழைய லேப்டாப் மட்டும் திணறும்.

ஆக, நம்ம குறிக்கோள் ஒரே வரி: முடிஞ்ச வரைக்கும் டைரக்ட் பிளே.

3. ஒரு சின்னக் கணக்கு

உங்க வைஃபை தாங்குமா? நீங்களே கணக்குப் போடலாம். ஃபைல் சைஸை எம்பி-யில் எடுங்க. எட்டால பெருக்குங்க. வீடியோ ஓடுற மொத்த செகண்டால வகுங்க. வர்றதுதான் ஒரு செகண்டுக்கு எத்தனை மெகாபிட் வேணும்ங்கிற எண்.

உதாரணம்: போன்ல 1080 தரத்துல எடுத்த 10 நிமிஷ வீடியோ 1300 எம்பி இருக்குன்னு வைங்க. 1300 × 8 = 10,400. பத்து நிமிஷம்னா 600 செகண்ட். 10,400 ÷ 600 = சுமார் 17. அதாவது செகண்டுக்கு 17 மெகாபிட்.

"எங்க வீட்டுல 100 எம்பி பிளான், 17 எல்லாம் தூசு"ன்னு சொல்றீங்களா? ஒரு நிமிஷம். அந்த 100 வெளியில இருந்து ரௌட்டருக்கு வர்ற வேகம். நம்ம வீடியோ வெளிய போறதே இல்லை. லேப்டாப்ல இருந்து ரௌட்டர், ரௌட்டர்ல இருந்து பாக்ஸ். அவ்வளவுதான் பயணம். ஆகவே வீடியோவுக்காக இன்டர்நெட் டேட்டா செலவாகாது. நெட் பில் கட்டாம லைன் கட் ஆனாலும், ரௌட்டர்ல கரண்ட் இருந்தா வீட்டுக்குள்ள வழி திறந்துதான் இருக்கும்.

ஆனா கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. லேப்டாப்பும் வைஃபை, பாக்ஸும் வைஃபைன்னா, ஒரே வீடியோ காத்துல ரெண்டு தடவை போகுது. முதல்ல லேப்டாப் பேசும், ரௌட்டர் கேட்கும். அப்புறம் ரௌட்டர் பேசும், பாக்ஸ் கேட்கும். ரெண்டும் ஒரே சேனல்ல இருந்தா ஒரே நேரத்துல பேச முடியாது. அதனால கிடைக்கிற வேகம் பாதியாகும். நடுவுல காங்கிரீட் சுவர் இருந்தா இன்னும் குறையும். ரௌட்டரை இரும்பு பீரோ மேலயோ பின்னாலயோ வெச்சிருந்தா அதை முதல்ல எடுங்க!

தீர்வு சுலபம். ரெண்டுல ஒண்ணையாவது லேன் கேபிள்ல ரௌட்டரோட இணைச்சிடுங்க. கேபிள் இழுக்க முடியாதுன்னா லேப்டாப்பையும் பாக்ஸையும் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் போடுங்க. 2.4-ல் பக்கத்து வீட்டு ரௌட்டர், புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் சேர்ந்து கூச்சல் போடும். 5-ல் கூட்டம் குறைவு. ஆனா சுவரைத் தாண்டி ரொம்ப தூரம் போகாது.

4. அமைக்கும் முறை

எளிய வழி: விஎல்சி

ஆரஞ்சு கலர் டிராஃபிக் கூம்பு ஐகான், எல்லாருக்கும் தெரியும். இது பிறந்த கதையே நம்ம பாடம்தான். 1996-ல் பிரான்ஸின் எகோல் சென்ட்ரல் பாரிஸ் கல்லூரி மாணவர்கள், கேம்பஸ் நெட்வொர்க் வழியா வீடியோ அனுப்பிப் பார்க்க ஒரு புராஜெக்ட் ஆரம்பிச்சாங்க. வீடியோலேன்னு பேர். அனுப்புற சர்வர் ஒண்ணு, பார்க்கிற கிளையன்ட் ஒண்ணு. அந்த கிளையன்ட்தான் விஎல்சி. 2001-ல் ஓப்பன் சோர்ஸா வெளியிட்டாங்க. நம்மள மாதிரி காலேஜ் பசங்க செஞ்ச வேலை இன்னைக்கு உலகம் பூரா ஓடுது.

2018-ல் வந்த 3.0 வெர்ஷன்ல இருந்து கம்ப்யூட்டர் விஎல்சி-யிலேயே கூகுள் காஸ்ட் வசதி இருக்கு. வீடியோவைத் திறங்க, பிளேபேக் மெனுவுக்குப் போங்க, ரெண்டரர்னு இருக்கும், அதுல உங்க பாக்ஸ் பேர் தெரியும். அதைத் தொட்டா டிவியில் ஓடும். "இந்த வீடியோவை மாத்தித்தான் அனுப்பணும்"னு ஒரு எச்சரிக்கை வந்தா, மேல சொன்ன மூணாவது வழியில் போகப் போகுதுன்னு அர்த்தம். லேப்டாப்பை சார்ஜர்ல போட்டுட்டு சரி சொல்லுங்க.

நிரந்தர வழி: ஜெல்லிஃபின்

விஎல்சி-யில் ஒரு குறை இருக்கு. ஒவ்வொரு தடவையும் நாமதான் லேப்டாப்ல போட்டு விடணும். அம்மா ரிமோட்டை எடுத்து அவங்களா தேர்ந்தெடுத்துப் பார்க்கணும்னா லேப்டாப்பை ஒரு சின்ன சர்வரா மாத்தணும். அதுக்கு ஜெல்லிஃபின். 2018 டிசம்பர்ல எம்பி என்ற மென்பொருள்ல இருந்து பிரிஞ்சு வந்த ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். முழுக்க இலவசம், விளம்பரம் கிடையாது.

படி 1: வீடியோக்களை ஒரே ஃபோல்டர்ல கொண்டு வாங்க. உள்ள "கல்யாணம்", "ஊர்", "குழந்தைகள்"னு பிரிச்சு வைங்க. ஃபைல் பேரைத் தமிழ்லயே வைக்கலாம். எண்ணும் எழுத்தும் கலந்த பேரை அம்மாவால கண்டுபிடிக்க முடியாது. "பாட்டி தாலாட்டு"ன்னு இருந்தா முடியும்.

படி 2: லேப்டாப்ல ஜெல்லிஃபின் சர்வரை அதோட அதிகாரப்பூர்வ தளத்துல இருந்து இறக்கி இன்ஸ்டால் பண்ணுங்க. பிரவுசர்ல 127.0.0.1:8096 அடிங்க. யூசர் பேரும் நல்ல பாஸ்வேர்டும் கொடுங்க. லைப்ரரி சேர்க்கும்போது சினிமான்னு கொடுக்காம "ஹோம் வீடியோ" வகையைத் தேர்ந்தெடுங்க. இல்லன்னா தம்பி கல்யாண வீடியோவுக்கு ஏதோ ஒரு இங்கிலீஷ் படத்தோட போஸ்டரை ஒட்டி வெச்சிடும்!

படி 3: விண்டோஸ்ல உங்க வைஃபை "பிரைவேட்" நெட்வொர்க்னு இருக்கான்னு பாருங்க. "பப்ளிக்"னு இருந்தா ஃபயர்வால் பாக்ஸை உள்ள விடாம போகலாம். ஃபயர்வால் அனுமதி கேட்டா பிரைவேட்டுக்கு மட்டும் டிக் போடுங்க.

படி 4: லேப்டாப்போட வீட்டு முகவரியைக் கண்டுபிடிங்க. வைஃபை செட்டிங்ஸ்ல ஐபி அட்ரஸ்னு 192.168.1.5 மாதிரி இருக்கும்.

படி 5: பாக்ஸ்ல பிளே ஸ்டோர்ல இருந்து ஜெல்லிஃபின் ஆப் போடுங்க. சர்வரைத் தானா கண்டுபிடிச்சா நல்லது. இல்லன்னா 192.168.1.5:8096 மாதிரி உங்க முகவரியை அடிங்க. ரிமோட்ல பாஸ்வேர்டு அடிக்கிறது பெரிய தவம். அதுக்கு பதிலா குவிக் கனெக்ட் கொடுத்தா டிவியில் ஆறு இலக்க எண் வரும். லேப்டாப்ல ஜெல்லிஃபின் உள்ள போய் அந்த எண்ணைப் போட்டா வேலை முடிஞ்சது.

படி 6: கரண்ட் போய் வந்தா ரௌட்டர் லேப்டாப்புக்கு வேற முகவரி கொடுத்துடலாம். "நேத்து ஓடிச்சு, இன்னைக்கு ஓடல"ங்கிற புகாருக்கு முக்கியமான காரணம் இது. ரௌட்டர் செட்டிங்ஸ்ல அட்ரஸ் ரிசர்வேஷன்னு இருக்கும். அதுல லேப்டாப்புக்கு அந்த முகவரியை நிரந்தரமா ஒதுக்கிடுங்க. லேப்டாப் சார்ஜர்ல இருக்கும்போது தூங்காத மாதிரி பவர் செட்டிங்கையும் மாத்துங்க.

இப்போ ஒரு வீடியோவை ஓட விட்டு, லேப்டாப்ல ஜெல்லிஃபின் டாஷ்போர்டைத் திறந்து பாருங்க. ஓடுற வீடியோ டைரக்ட் பிளேயா டிரான்ஸ்கோடா என்ற விவரம் அங்கேயே இருக்கும். இனி ஊகிக்க வேண்டியதில்லை.

5. பழைய கல்யாண டிவிடி: தனி கவனம் தேவை

எங்க வீட்டுல இந்த செட்டப் ஓட ஆரம்பிச்ச அன்னைக்கு அம்மா முதல்ல கேட்டது தம்பி வீடியோவை இல்லை. "எங்க கல்யாண கேசட்டைப் போடுடா"ன்னாங்க. வீடியோ கேசட்டா இருந்து, அப்புறம் கடையில் டிவிடி-யா மாத்தி, நான் லேப்டாப்ல ஏத்தி வெச்சது. போட்டேன். பந்தியில் இலைக்கு முன்னாடி உட்கார்ந்து கேமராவைப் பார்த்துக் கூச்சப்படுற ஒருத்தரைக் காட்டி, "இது எங்க அப்பாடா"ன்னு சொன்னாங்க. நான் பிறக்கிறதுக்கு முன்னாடியே தாத்தா போயிட்டார். சட்டம் போட்ட போட்டோவுல மட்டும் பார்த்தவர், அன்னைக்கு ஹால்ல நடந்து வந்து சாம்பார் கேட்டார். அம்மா அந்த இடத்தை நாலு தடவை ரீவைண்ட் பண்ணாங்க. ரிமோட்ல அந்த பட்டன் எங்க இருக்குன்னு நான் சொல்லிக் கொடுக்கவே இல்லை.

உங்க வீட்டுலயும் இப்படி ஒரு டிவிடி இருக்கும். அதை ஏத்தும்போது தெரிஞ்சுக்க வேண்டியது:

டிவிடி-யில் படம் 720 × 576 அளவுதான். கோடெக் பழைய எம்பெக்-2. செகண்டுக்கு சுமார் 10 மெகாபிட்தான் உச்சம், ஆக வைஃபைக்கு பாரம் இல்லை. ஆனா சில பாக்ஸுக்கு இந்தப் பழைய மாவுல சுடத் தெரியாது. மேலும் டிவிடி ஒரே வீடியோவை 1 ஜிபி துண்டுகளா வெட்டி வெச்சிருக்கும். துண்டைத் துண்டா போட்டா தாலி கட்டுற நேரத்துல படம் நின்னுடும்!

இன்னொரு விஷயம், அந்தக் காலப் படம் இன்டர்லேஸ்டு. ஒரு ஃபிரேமை ஒத்தைப்படை வரிகள், ரெட்டைப்படை வரிகள்னு ரெண்டு பாதியா எடுத்திருப்பாங்க. புது டிவியில் யாராவது கையை ஆட்டினா சீப்பு பல் மாதிரி கோடு கோடா தெரியுறது இதனாலதான்.

மூணுக்கும் சேர்த்து ஒரே மருந்து, ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள். டிவிடி ஃபோல்டரை முழுசா அதுக்குக் கொடுங்க. துண்டுகளைச் சேர்த்துக்கும். ஃபில்டர் பகுதியில் டீஇன்டர்லேஸ் போடுங்க. வீடியோ எச்.264, ஆடியோ ஏஏசி, ஃபைல் எம்பி4ன்னு தேர்ந்தெடுங்க. எச்.264 என்பது 2003-ல் வந்த தரம். ஆண்ட்ராய்டு பாக்ஸ் எதுவா இருந்தாலும் இதைப் படிக்கும். ஒரு தடவை மாத்திட்டா அப்புறம் எப்போதும் டைரக்ட் பிளேதான். மூல டிவிடி ஃபைல்களை மட்டும் அழிச்சுடாதீங்க, அதுதான் அசல்.

6. அடிக்கடி வர்ற சிக்கல்கள்

பாக்ஸுக்கு லேப்டாப்பே தெரியல: பாக்ஸ் தன் நெட்வொர்க்ல "இங்க சர்வர் யாராவது இருக்கீங்களா?"ன்னு ஒரு குரல் கொடுக்கும். அந்தக் குரல் கேட்கிற தூரத்துல லேப்டாப் இருக்கணும். கெஸ்ட் வைஃபையில் ஒண்ணு, மெயின் வைஃபையில் ஒண்ணு இருந்தா கேட்காது. ரெண்டையும் ஒரே வைஃபைக்குக் கொண்டு வாங்க. லேப்டாப்ல விபிஎன் ஓடினா நிறுத்துங்க.

படம் வருது, சத்தம் வரல: ஆடியோ கோடெக் பிரச்சினை. டால்பி, டிடிஎஸ் வகை ஆடியோவை எல்லா பாக்ஸும் படிக்காது. ஆப் செட்டிங்ஸ்ல ஸ்டீரியோவுக்கு மாத்தும் வசதி இருந்தா போடுங்க. இல்லன்னா ஹேண்ட்பிரேக்ல ஆடியோவை ஏஏசி-க்கு மாத்துங்க.

சத்தம் வருது, படம் கறுப்பு: வீடியோ கோடெக் பிரச்சினை. புது ஐபோன்கள் இயல்பாவே ஹெச்இவிசி-யில் பதிவு பண்ணும். 2013-ல் வந்த தரம் அது. பழைய பாக்ஸ் திணறும். டிரான்ஸ்கோடிங்கை அனுமதிங்க, அல்லது எச்.264-க்கு மாத்துங்க.

அஞ்சு நிமிஷம் நல்லா ஓடி அப்புறம் திக்குது: டாஷ்போர்டைப் பாருங்க. டைரக்ட் பிளேன்னு இருந்தா வைஃபைதான் காரணம், மூணாவது பகுதிக்குப் போங்க. டிரான்ஸ்கோடுன்னு இருந்தா லேப்டாப் களைச்சுப் போச்சுன்னு அர்த்தம்.

7. ரெண்டு எச்சரிக்கை

ஒண்ணு, வாசலைத் திறந்து போடாதீங்க. "வெளிநாட்டுல இருக்கிற அண்ணனும் பார்க்கட்டும்"னு ரௌட்டர்ல போர்ட் ஃபார்வர்டிங் போடச் சொல்லி நிறைய வீடியோ சுத்துது. 8096-ஐ இன்டர்நெட்டுக்குத் திறந்துவிட்டா, உங்க வீட்டுக் கதவு உலகத்துக்கே தெரியும். அப்புறம் காவலுக்கு இருக்கிறது ஒரே ஒரு பாஸ்வேர்டுதான். அண்ணனுக்கு அந்த ஒரு வீடியோவைத் தனியா அனுப்பிடுங்க.

ரெண்டு, ஸ்ட்ரீமிங் வேற, பேக்கப் வேற. டிவியில் தெரியுதுங்கிறதால வீடியோ டிவியில் இருக்குன்னு அர்த்தம் இல்லை. ஃபைல் ஒரே ஒரு லேப்டாப் டிஸ்க்ல இருக்கு. எந்த டிஸ்க்கும் ஒரு நாள் நிக்கும். அலமாரியில் இருக்கிற டிவிடி-யும் வருஷம் ஆக ஆக படிக்காம போகும். ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்ல இன்னொரு காப்பி எடுத்து, முடிஞ்சா அக்கா வீட்டுலயோ சித்தப்பா வீட்டுலயோ கொடுத்து வைங்க.

இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வீட்டுப்பாடம் இதுதான். முதல்ல அந்தப் பழைய டிவிடி-யைத் தேடி எடுத்து லேப்டாப்ல காப்பி பண்ணுங்க, அதுதான் அவசரம். விஎல்சி-யும் ஜெல்லிஃபினும் அடுத்த வாரமும் கிடைக்கும். எல்லாம் ஓட ஆரம்பிச்சதும் ரிமோட்டை அம்மா அப்பா கையில் கொடுத்துட்டு, எதை முதல்ல போடச் சொல்றாங்கன்னு பாருங்க.

பயன்படும்னு தோணினா உங்க வீட்டு குரூப்ல பகிருங்க.